ஐந்தாம் குழாயின் கோடு

குப்பிக்காரர் என்று இன்றைக்கு எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர், அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் மழைக்காரராக இருந்தார். அரசாங்கக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் ஒரு செப்பு உருளை இருக்கும். காலை எட்டரை மணிக்கு ஏறிப்போய், அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பெய்திருந்தால் எண். பெய்யாவிட்டால் பூஜ்யம். எழுதிவிட்டு இறங்கி வந்து தேநீர் குடிப்பார். இருபத்திரண்டு வருஷத்தில் மழை அவரிடம் விளக்கம் கேட்டதில்லை. அவரும் மழையிடம் கேட்டதில்லை.

பிறகு மழையைத் தானே அளந்து தானே அனுப்பிக்கொள்ளும் கருவி ஒன்று வந்தது. மேலேயிருந்து விழுகிற தண்ணீரை அளந்தவருக்குக் கீழே கிடக்கிற தண்ணீரை அளக்கத் தெரியாதா என்று யாரோ ஒரு மகராசன் கோப்பில் எழுத, மழைக்காரர் நிலத்தடி நீர்க் கண்காணிப்பு அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார்.

அந்த அலுவலகத்துக்கு ஒரே ஒரு வேலை. ஊர் எல்லையோரத்தில் ஒரு பெட்ரோல் கிடங்கு. ஒன்பது வெள்ளை டாங்கிகள், ஒவ்வொன்றும் ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு. அவற்றைச் சுற்றி, மதிலுக்கு வெளியே, நிலத்துக்குள் ஏழு குழாய்கள் இறக்கியிருந்தார்கள். கை நுழைகிற அகலம், முப்பது அடி ஆழம், மூடி, மூடிக்கு ஒரு பூட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து, தண்ணீர் மொண்டு, பழுப்புக் குப்பிகளில் அடைத்து, சோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். டாங்கியிலிருந்து பெட்ரோல் கசிந்து தண்ணீரில் கலக்கிறதா என்று இப்படித்தான் கண்டுபிடிப்பார்கள். குப்பியைத் தூக்கிக்கொண்டு நடந்ததால் மழைக்காரர் குப்பிக்காரர் ஆனார்.

மாற்றல் உத்தரவு வந்ததில் அவரைவிட அவருடைய அக்காவுக்குத்தான் சந்தோஷம். அக்கா சலவைக்கடை வைத்திருந்தாள். கிடங்கின் மதிலை ஒட்டிய தெரு, கடைக்குப் பின்னால் கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் முப்பது வருஷமாக ஒரு பெரிய தங்கும் விடுதியின் படுக்கை விரிப்புகளை அவளும் மாமாவும் வெளுத்துக் கொடுத்து வந்தார்கள். ஆறு மாதமாகக் கிணற்றில் பெட்ரோல் வாடை. விரிப்பிலும் அதே வாடை.

"போன வாரம் விடுதிக்காரர் வந்தாருடா. ஒரு ஆளு சிகரெட்டை வாயில வச்சிக்கிட்டு, பத்த வைக்க பயந்து, விடியற வரைக்கும் கட்டில்ல உக்காந்திருந்தானாம். அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன், அப்புறம் வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு."

"குழாய்த் தண்ணி கேட்டு எழுதிப் போடலையா அக்கா?"

"போட்டேனே. சொந்தக் கிணறு இருக்கறவங்களுக்குக் குழாய் கிடையாதாம். பக்கத்துக் கண்காணிப்புக் குழாய்ல பெட்ரோல் கலந்திருக்குன்னு உங்க அறிக்கையில ஒரு நம்பர் வந்தா, ஏழு நாள்ல கனெக்‌ஷன் குடுப்பாங்களாம். ஒரே ஒரு நம்பர்டா. நீ இருக்கறதை இருக்குன்னு எழுதப் போற. அதுக்கு மேல என்ன?"

"அவ்ளோதான் அக்கா. அங்கயும் நோட்டுதான்" என்றார் குப்பிக்காரர். அப்படித்தான் அவரும் நினைத்தார்.

பக்கத்துக் கண்காணிப்புக் குழாய் என்பது ஐந்தாம் குழாய். அக்கா வீட்டு வாசலிலிருந்து இருபது எட்டு நடந்தால் போதும்.

முதல் முறை மாதிரி எடுக்கப் போன அன்று அதிகாரி நேரிலேயே வந்தார். கையில் விதிப் புத்தகம். குப்பிக்காரருக்கு ஒரு ஜோடி கையுறை, அதன்மேல் இன்னொரு ஜோடி, செருப்புக்கு உறை, தலைக்குத் தொப்பி. தண்ணீர் மொள்ளுவதற்கு ஒரு நீண்ட கண்ணாடிக் குழல். அடியில் வால்வு வைத்தது. அலுவலகத்தில் அதற்கு நாலு வரிக்குப் பெயர் உண்டு. குப்பிக்காரர் அதற்கு மொள்ளான் என்று பெயர் வைத்தார். மொள்ளானைத் தொட்டிலில் குழந்தையைக் கிடத்துவதுபோல இறக்க வேண்டும், தண்ணீர் திடுக்கிடக் கூடாது என்பது விதி மூன்று. தண்ணீர் திடுக்கிட்டதா என்று எப்படித் தெரியும் என்பது விதியில் இல்லை.

மேட்டுப் பக்கத்து ஒன்றாம் குழாயும் இரண்டாம் குழாயும் நல்ல பிள்ளைகளாகத் தண்ணீர் கொடுத்தன. மூன்றிலும் நான்கிலும் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்த அதிகாரி, மொள்ளானுக்கு வேலை வைக்காமல் மூடிவிட்டார். ஐந்தாம் குழாயின் மூடியைத் திறந்ததும் மதில்மேல் உட்கார்ந்திருந்த காக்கை எழுந்து வேறு தெருவுக்குப் போனது. இங்கே குப்பிக்காரர் முந்திக்கொண்டு மொள்ளானை இறக்கித் தூக்கினார். முழுக்க இளஞ்சிவப்பாக ஒன்று பளபளத்தது. அடியில் நாலு விரற்கடை மட்டும் தண்ணீர்.

"சார், பெட்ரோல் சார்!" குப்பிக்காரருக்குக் குரல் உடைந்தது. சந்தோஷத்தில்தான். அக்காவுக்கு ஒரு நம்பர் தேவைப்பட்ட இடத்தில் ஒரு டாங்கியே கிடைத்த மாதிரி இருந்தது.

"கீழ ஊத்துங்க. மூடுங்க. கட்டத்துல கோடு போடுங்க."

"கோடா?"

"விதி பதினாலு. மேல எரிபொருள் மிதந்தா மாதிரி எடுக்கக் கூடாது. இது என்ன அலுவலகம்?"

"நிலத்தடி நீர்க் கண்காணிப்பு அலுவலகம் சார்."

"நீங்க கையில வச்சிருக்கறது நீரா?"

"இல்ல சார். பெட்ரோல்."

"அப்ப அதுகூட நமக்கு என்ன பேச்சு?"

"இல்ல சார், இதை ஒரு குப்பியில சோதனைக்கூடத்துக்கு அனுப்பிட்டா..."

அதிகாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன மனுஷன்யா நீங்க! அங்க இருக்கற மெஷின் என்ன மெஷின் தெரியுமா? ஒரு ஏரித் தண்ணில ஒரு சொட்டு பெட்ரோல் விழுந்தாலும் கண்டுபிடிச்சுடும். அவ்ளோ நுட்பமானது. அதுக்கிட்ட போய் பெட்ரோலைக் காட்டினா தாங்குமா? கெட்டுப் போயிடாதா?"

குப்பிக்காரர் கோடு போட்டார். ஆறிலும் ஏழிலும்கூடக் கோடுதான்.

அந்தக் கோடு அடுத்து எங்கே போகிறது என்று பார்க்க அவர் அட்டவணை அம்மாவிடம் போனார். அறிக்கைக்குக் கணக்குப் போடுகிறவர் அந்த அம்மாள். பென்சிலைக் கொண்டையில் செருகியிருப்பார். அவர் மேஜைக்கு மேலே சுவரில் ஒரு பெரிய வரைபடம். பன்னிரண்டு வருஷம் முன்பு நாற்பத்தொன்பதில் ஆரம்பித்த கோடு, மாடிப்படி இறங்குகிற மாதிரி இறங்கி இறங்கி, இப்போது ஒன்றில் நின்றது. ஐந்துக்கு மேல் போனால்தான் தண்ணீர் கெட்டது என்று அர்த்தம்.

"மேடம், ஏழு குழாய்ல அஞ்சுல பெட்ரோல் நிக்குது. எப்படி ஒண்ணு வரும்?"

"ஒண்ணாங் குழாய் மூணு. ரெண்டாங் குழாய் நாலு. கூட்டினா ஏழு. மத்ததெல்லாம் கோடு. கோட்டைக் கூட்ட முடியாது. குழாய் எத்தனை? ஏழு. ஏழை ஏழால வகுத்தா?"

"ஒண்ணு. ஆனா ரெண்டே குழாய்லதானே நம்பர் இருக்கு? ரெண்டால வகுக்க வேண்டாமா?"

"குழாய் ஏழு இருக்கறப்ப ரெண்டால வகுக்கறதா? அஞ்சு குழாயை நான் மறைச்ச மாதிரி ஆகாது?" அட்டவணை அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நேர்மையான மனுஷி.

குப்பிக்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்ப ஏழுலயும் பெட்ரோல் வந்துட்டா?"

"பூஜ்யம். அதான் இலக்கு. அடுத்த வருஷத்துக்குள்ள எட்டிடுவோம்னு சார் சொல்றாரு." கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து வரைபடத்தின் அடிப்பகுதியைக் காட்டியவர், ஒரு பெருமூச்சும் விட்டார். "எனக்குத்தான் பிடிக்கல. அட்டவணையைப் பாருங்க, பல்லு விழுந்த வாய் மாதிரி. கட்டம் போட்டதே நம்பர் எழுதத்தான்."

அடுத்ததாக, அக்காவின் நச்சரிப்புத் தாங்காமல், கிடங்கு மேலாளரைப் போய்ப் பார்த்தார் குப்பிக்காரர். மேலாளர் மிகவும் மரியாதையானவர். உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். கடையில் வாங்கிய, மூடி திறக்காத பாட்டில்.

"பாருங்க, எங்க டாங்கி கசியாது. கசியுதுன்னா அது எங்க டாங்கியா இருக்காது."

"அக்கா கிணத்துல பெட்ரோல் வாசனை வருது சார்."

"வரலாம். ஆனா யார் பெட்ரோல்? உலகத்துல எல்லாப் பெட்ரோலும் ஒரே வாசனைதான். உங்க அக்கா வீட்டுல ஸ்கூட்டர் இருக்கா?"

"மாமாவுக்கு ஒண்ணு இருக்கு சார்."

"பாத்தீங்களா" என்றார் மேலாளர், இரக்கத்தோடு.

மாசக் கடைசிக்கு இன்னும் இருபத்தேழு நாள் இருந்தது. குப்பிக்காரர் அன்று விதிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் அட்டை முதல் அட்டை வரை படித்தார். விதி பதினைந்தில் ஒரு வாசல் தெரிந்தது. மிதக்கும் எரிபொருள் போன பிறகு மாதிரி எடுக்கலாம் என்று இருந்தது. காலையில் அதிகாரியிடம் ஓடினார்.

"சார், மேல நிக்கற பெட்ரோலை நானே மொண்டு எடுத்துடட்டுமா?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யார் எடுக்கணும்னு விதியில இல்ல. இல்லாததை நான் அனுமதிக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. நீங்க என்கிட்ட கேக்கவும் இல்ல."

அன்றிலிருந்து தினமும் காலையில் ஐந்தாம் குழாயடியில் மூன்று பேர். குப்பிக்காரர் மொள்ள, அக்கா புனல் பிடிக்க, மாமா கேனைத் தாங்குவார். சலவைக் காரம் வந்த காலிக் கேன்தான், இருபது லிட்டர். முப்பது வருஷமாக வெளுப்புத்தூளை முகர்ந்து முகர்ந்து மாமாவுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டு வந்தது. அவருக்கு இந்த வேலை ஒரு சிரமமாகவே தெரியவில்லை.

"ஏண்டா," என்றாள் அக்கா, புடவைத் தலைப்பை மூக்கில் கட்டிக்கொண்டு. "பெட்ரோல் இருக்குன்னு காட்டறதுக்கு, இருக்கற பெட்ரோலை எடுத்து ஒளிச்சு வைக்கணுமா?"

"விதி அக்கா."

"இந்த விதியை எழுதினவன் வீட்டுத் துணியெல்லாம் எங்கிட்ட வரட்டும், வச்சுக்கறேன்."

ஒரு கேன் நிறைந்தால் குழாயில் இளஞ்சிவப்பு போய்த் தண்ணீர் தெரியும். உடனே மாதிரி எடுத்துவிடலாமே என்றால், மிதப்பது போய் ஒரு நாள் முழுக்க ஆன பிறகுதான் எடுக்க வேண்டும் என்பது விதி பதினைந்தின் கடைசி வரி. மறுநாள் வந்து மூடியைத் திறந்தால் பழைய உயரத்துக்கே பெட்ரோல் நிற்கும். மறுபடி ஒரு கேன். மறுபடி மறுநாள்.

"மாப்ளே, இது குழாயா, மாடா?" என்றார் மாமா எட்டாம் நாள். "தீனி யாரு போடறாங்க இதுக்கு?"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்பது டாங்கிகளும் வெயிலில் சும்மா நின்றன.

பதினாறு நாளில் பதினாறு கேன்கள் அக்கா வீட்டு முற்றத்தில் வரிசையாக நின்றன. வீட்டில் அடுப்பு மூட்டுவதை நிறுத்தி, கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். இஸ்திரிப் பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்தாள் அக்கா. விரிப்புகள் தோய்க்காமல் மூட்டையாகக் கிடந்தன. மாதிரி மட்டும் எடுக்க முடியவில்லை. மாசக் கடைசிக்குப் பத்து நாள். குப்பிக்காரருக்குத் தூக்கம் போயிற்று, மழையையே கனவில் காண ஆரம்பித்தார்.

பதினேழாம் நாள் விழா.

கண்காணிப்பின் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவு, அறிக்கை வெளியீடு. தெரு அகலமாக இருப்பது ஐந்தாம் குழாயடியில்தான் என்பதால் அங்கேயே பந்தல் போட்டார்கள். மேடையில் பெரிய வரைபடம், 'நாற்பத்தொன்பதிலிருந்து ஒன்றுக்கு' என்ற பதாகை. சிறப்பு விருந்தினர் கிடங்கு மேலாளர். நடவடிக்கைக் குறிப்பு எழுத, மடியில் நோட்டோடு அட்டவணை அம்மா. தெருவே திரண்டிருந்தது. புகை பிடிக்க வேண்டாம் என்று நாலு இடத்தில் எழுதியிருந்தார்கள். ஏன் என்று எழுதவில்லை.

அதிகாரி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் கண்ணை இமைக்காமல் இந்த மண்ணைக் கண்காணித்து வருகிறோம். இதுவரை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதே எங்கள் விழிப்புக்குச் சான்று! வேறு அலுவலகங்கள் பிரச்சினை வந்த பிறகு ஓடுகின்றன. நாங்கள் பிரச்சினை வந்த பிறகும் நின்று..."

மின்சாரம் போய்விட்டது.

ஜெனரேட்டர் கொண்டுவந்த ஆள் கயிற்றை இழுத்துப் பார்த்தான். உள்ளே பெட்ரோல் இல்லை. எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்னால் ஒன்பது டாங்கிகள்.

மேலாளர் கையை விரித்தார். "மன்னிக்கணும். மூணு பேர் கையெழுத்து இல்லாம அந்த மதிலைத் தாண்டி ஒரு சொட்டு வெளிய வராது."

"நம்ம வீட்டுல இருக்கே!" என்று எழுந்தார் மாமா. அக்கா அவர் வேட்டியைப் பிடித்து இழுப்பதற்குள்ளேயே போய் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். ஜெனரேட்டர் அதைக் குடித்தது. மூன்று தடவை இருமியது, ஒரு தடவை தும்மியது, பிறகு ஓடியது.

"...இந்த மண்ணுக்கடியில்," என்று உயிர்பெற்றது ஒலிவாங்கி, "எரிபொருள் என்பதே கிடையாது! இருந்தால்..." ஜெனரேட்டர் இருமியது, குரல் அறுந்தது. "...காட்டுங்கள் பார்க்கலாம்!"

மேலாளரின் காது அந்த இருமலில் மாட்டிக்கொண்டது. பெட்ரோலில் தண்ணீர் இருந்தால்தான் எஞ்சின் அப்படி இருமும் என்பது அவருக்குத் தெரியும். மேடையை விட்டு இறங்கி வந்தார். கேனின் மூடிக்குள் விரலை விட்டார். வெளியே எடுத்துப் பார்த்தார். விரல் இளஞ்சிவப்பாக இருந்தது.

"இது எங்க பெட்ரோல்!"

கூட்டம் சலசலத்தது. குரல் எடுபடாததால் மேடைக்கு ஓடி ஒலிவாங்கியை அதிகாரி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். "இது எங்க பெட்ரோல்! இந்த நிறத்தை எங்களைத் தவிர யாரும் போடறதில்ல! யார் வீட்டுக் கேன் இது?"

"எங்க வீட்டுதுதான்" என்று எழுந்தாள் அக்கா. "இன்னும் பதினஞ்சு இருக்கு. எல்லாப் பெட்ரோலும் ஒண்ணுதான்னு என் தம்பிகிட்ட சொன்னீங்களாமே?"

"வாசனை ஒண்ணும்மா! சாயம் வேற! எங்கேருந்து திருடினீங்க?"

"திருடலையே. இதோ, உங்க காலடியில நிக்குதே, இந்தக் குழாய்லேருந்து மொண்டோம்."

"குழாய்ல இருந்தாலும் எங்களுதுதான்!"

"அப்ப மண்ணுல இருக்கறது?"

"எங்களுதுதான்!"

"என் கிணத்துல மிதக்கறது?"

"அதுவும் எங்களுதுதான்! ஒரு சொட்டு விட மாட்டேன்!"

ஒலிபெருக்கி நாலு தெருவுக்குக் கேட்டது. அதிகாரி மேலாளரின் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பொருளைப் பறிகொடுத்தவனை அப்படியெல்லாம் நிறுத்த முடியாது.

அட்டவணை அம்மா எழுந்து வந்தார். "சார், சொத்தைத் திரும்பக் கேட்டா எழுத்துல கேக்கணும். படிவம் இருக்கு." அவரிடம் எப்போதும் எல்லாப் படிவமும் இருக்கும். மேலாளர் அங்கேயே நின்று நிரப்பினார். பொருள்: பெட்ரோல். அளவு: முந்நூற்றிருபது லிட்டர். ஜெனரேட்டர் குடித்ததையும் விடாமல் சேர்த்திருந்தார். இருந்த இடம்: ஐந்தாம் கண்காணிப்புக் குழாய், நிலத்துக்கு அடியில். உரிமையாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு, சட்டைப்பையிலிருந்து முத்திரையை எடுத்து ஊதி ஊதிக் குத்தினார்.

அட்டவணை அம்மா படிவத்தை இரண்டு முறை படித்தார். கொண்டையிலிருந்து பென்சில் வந்தது. வெளியிட வேண்டிய அறிக்கையைப் பிரித்து, ஐந்தாம் குழாயின் கட்டத்தில் இருந்த கோட்டை அழித்துவிட்டு, 320 என்று எழுதினார்.

"என்னம்மா பண்றீங்க!" என்று அலறினார் அதிகாரி. "அது நீரே இல்ல! விதி பதினாலு!"

"கையெழுத்தோட நம்பர் வந்தா கட்டத்துல எழுதணும், விதி ஒன்பது சார். நீரா இல்லையான்னு பாக்கறது பதினாலு. ஒன்பது முன்னாடி வருது." வாய்க்குள் கூட்டினார். "முந்நூத்தி இருபத்தேழு. ஏழால வகுத்தா நாப்பத்தாறு புள்ளி ஏழு." மேடைக்குப் போய் வரைபடத்தில் இழுத்தார். பன்னிரண்டு வருஷமாக இறங்கி வந்த கோடு ஒரே இழுப்பில் உச்சிக்கு ஏறி நின்றது. கொஞ்சம் தள்ளி நின்று, படம் மாட்டுகிறவர் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

குப்பிக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்கா கூட்டத்தின் நடுவில் நின்று விரல் விட்டு ஏழு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அது போக மாசக் கடைசிக்கு இரண்டு நாள் மிச்சம் இருந்தது.

அதிகாரியைச் சும்மா சொல்லக் கூடாது. ஐந்து நிமிஷம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், எழுந்து ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். "நண்பர்களே, தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். நமது தண்ணீரில் எரிபொருள் கலக்கவில்லை. எரிபொருளில்தான் கொஞ்சம் தண்ணீர் கலந்திருக்கிறது."

மேலாளர் துள்ளி எழுந்தார். "அதைத்தான் நானும் சொல்றேன்! எஞ்சின் இருமினதைக் கேட்டீங்கல்ல? எங்க பெட்ரோலை உங்க நிலம் கெடுக்குது! இதைக் கண்காணிக்க ஒரு அலுவலகம் கூடக் கிடையாதா?"

அடுத்த வாரமே அது திறக்கப்பட்டது. 'எரிபொருளில் நீர் மாசுக் கண்காணிப்புப் பிரிவு'. தலைவர் பழைய அதிகாரிதான். மேலாளர் பதினைந்து கேன்களையும் மூன்று கையெழுத்தோடு உள்ளே கொண்டுபோய், பத்திரமாக இருக்கட்டும் என்று மதிலோரத்து டாங்கியில் ஊற்றினார். நாலாம் நாள் ஐந்தாம் குழாயில் பெட்ரோல் இரண்டு அங்குலம் ஏறியது.

ஏழாம் நாள் சாயங்காலம் அக்கா வீட்டு முற்றத்தில் குழாய் வந்தது. திறந்தார்கள். முதலில் காற்று, பிறகு மண், பிறகு தண்ணீர். அக்கா கையில் பிடித்து முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். புருவம் சுருங்கிற்று.

"என்னடா இது, ஒரு வாசனையும் வரல?"

"தண்ணிக்கு வாசனை கிடையாது அக்கா."

"எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு." உள்ளே போய் ஒரு குப்பியைக் கழுவி, நிறைத்து, மூடி, தம்பியிடம் நீட்டினாள். "உங்க ஆபீஸ்ல குடுத்து என்னன்னு பாத்துச் சொல்லு."

குப்பிக்காரர் குப்பியை வாங்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து, அண்ணாந்து, மடக் மடக்கென்று பாதியைக் குடித்தார்.

"நல்லா இருக்கு."

"அவ்ளோதானா? நம்பர் ஒண்ணும் கிடையாதா?"

"கிடையாது."

"கோடு?"

"அதுவும் இல்ல."

அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, விரிப்பு மூட்டையை அவிழ்த்தாள்.